ஏழா, நான்கா, ஐந்தா: வலையமைப்பை எந்த அடுக்கு மாதிரியில் வைத்துப் பார்ப்பது?

"நெட் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். ஐபி முகவரி கிடைக்காமல் போயிருக்கலாம். வெளியே போகும் வாசலான கேட்வே தவறாக எழுதப்பட்டிருக்கலாம், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதில் சொல்லாமல் இருக்கலாம், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்து, சர்வரில் ஓடும் மென்பொருள் மட்டும் படுத்திருக்கலாம். இந்தக் காரணங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்கத்தான் அடுக்கு மாதிரிகள் பயன்படுகின்றன. எங்கே வெட்டுவது என்பதில்தான் மாதிரிக்கு மாதிரி வேறுபாடு.

நம் முன் இருப்பவை மூன்று: ஏழு அடுக்கு ஓஎஸ்ஐ மாதிரி, நான்கு அடுக்கு டிசிபி/ஐபி மாதிரி, இரண்டையும் கலந்து பாடநூல்கள் வளர்த்தெடுத்த ஐந்து அடுக்கு மாதிரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பழுது பார்க்க ஐந்தடுக்கு, சக ஊழியரிடமும் விற்பனையாளரிடமும் பேச ஓஎஸ்ஐயின் எண்கள், நெறிமுறை (புரோட்டோகால்) ஆவணங்களைப் படிக்கவும் நிரல் எழுதவும் நான்கடுக்கு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிபவர்கள் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடங்கள் எவை என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

அடுக்கு என்றால் கம்பியில் என்ன நடக்கிறது

ஒவ்வோர் அடுக்கும் மேலிருந்து வருவதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும். அதன் முன்னால் தன் ஹெடரை (முகவரி போன்ற விவரங்கள் அடங்கிய தலைப்பகுதியை) ஒட்டிக் கீழே தள்ளிவிடும். மறுமுனையில் அதே நிலையிலுள்ள அடுக்கு அந்த ஹெடரை மட்டும் உரித்துப் படித்துவிட்டு மிச்சத்தை மேலே கொடுக்கும். எண்களாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

ஒரு வலைப்பக்கத்தின் 1460 பைட் தரவை எடுத்துக்கொள்வோம். தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி 20 பைட் ஹெடர் ஒட்டினால் அது செக்மென்ட். முகவரியிட்டு அனுப்பும் ஐபியின் நான்காம் பதிப்பான ஐபிவி4 இன்னொரு 20 பைட் சேர்த்தால் 1500 பைட் பாக்கெட். கம்பி வலையமைப்பான ஈதர்நெட்டின் வழக்கமான எம்டியு (ஒரே தடவையில் ஏற்றக்கூடிய மிகப்பெரிய பாக்கெட்டின் அளவு) இதுதான். ஈதர்நெட் முன்னால் 14 பைட்டும் பின்னால் 4 பைட் சரிபார்ப்புத் தொகையும் சேர்க்க, 1518 பைட் பிரேம் ஆகிறது. கம்பியில் இறங்கும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னால் 8 பைட் முன்னோட்டம், பின்னால் 12 பைட் அளவுக்கு இடைவெளி. ஆக 1460 பைட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க 1538 பைட் நேரம் செலவாகிறது. டிசிபியில் நேரமுத்திரை இயங்கினால் ஹெடரில் மேலும் 12 பைட் போகும். தரவுக்கு 1448தான் மிஞ்சும். 1448ஐ 1538ஆல் வகுத்தால் 94.1 விழுக்காடு. கிகாபிட் இணைப்பில் வேகம் அளப்பவர்களுக்கு 941 மெகாபிட் என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். மீதி 59 மெகாபிட்டை யாரும் திருடவில்லை. ஹெடர்களும் இடைவெளியும் தின்றுவிட்டன.

வழியில் ஒரு ரூட்டர் வந்தால் அது பிரேமைக் கழற்றி வீசிவிட்டுப் புதிய பிரேம் கட்டும். அனுப்புபவர், பெறுபவர் என்ற மேக் முகவரிகள் (வலையமைப்பு அட்டைகளின் முகவரிகள்) இரண்டும் மாறும். ஐபி ஹெடரில், இன்னும் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணில் ஒன்று குறையும். அதற்குள் இருக்கும் டிசிபி செக்மென்டை அது தொடக்கூடாது. ஆக, மேக் முகவரி ஒரு தாவலுக்கு (அடுத்த கருவிவரை) மட்டும், ஐபி முகவரி வழி முழுவதற்கும், டிசிபி இரு முனைகளுக்கு மட்டும். மாதிரி எதுவானாலும் இந்த மூன்று எல்லைகள் மாறுவதில்லை.

ஏழடுக்கு: எண்கள் வாழ்கின்றன, இரண்டு அடுக்குகள் இல்லை

ஓஎஸ்ஐ வேலை 1977இல் தொடங்கியது. 1984இல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 7498 என்ற தரமாக வெளிவந்தது. கீழிருந்து மேலாக: இயற்பியல், தரவு இணைப்பு, வலையமைப்பு, போக்குவரத்து, அமர்வு, விளக்கக்காட்சி, பயன்பாடு. இது வெறும் படம் அல்ல. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி நெறிமுறைகளும் எழுதப்பட்டன. அமெரிக்க அரசு 1990 ஆகஸ்ட் முதல் தன் கொள்முதலில் ஓஎஸ்ஐயைக் கட்டாயமாக்கியது. 1995இல் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. அதற்குள் டிசிபி/ஐபி எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தில் இருப்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

அந்த நெறிமுறைக் குடும்பத்தில் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. பெரிய இணையச் சேவை வலையமைப்புகளில் ஓடும் ஐஎஸ்-ஐஎஸ் என்ற வழிகாட்டு நெறிமுறை அங்கிருந்து வந்தது. உலாவியில் ஒரு தளத்தின் பாதுகாப்பு விவரங்களைத் திறந்தால் தெரியும் எக்ஸ்.509 சான்றிதழ் ஓஎஸ்ஐயோடு சேர்ந்து வளர்ந்த எக்ஸ்.500 அடைவுச் சேவையின் பிள்ளை.

ஆனால் ஓஎஸ்ஐ விட்டுச் சென்ற பெரிய சொத்து அதன் எண்கள். லேயர் 2 சுவிட்ச், லேயர் 3 சுவிட்ச், லேயர் 4 லோட் பேலன்சர் (வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் கருவி), லேயர் 7 ஃபயர்வால் என்று சந்தையில் விற்கும் எல்லாப் பெயரும் ஏழடுக்கின் கணக்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான்கடுக்கைக் கீழிருந்து எண்ணினால் ஐபி இரண்டாவது, டிசிபி மூன்றாவது, பயன்பாடு நான்காவது. அந்தக் கணக்கில் ஒருவர் "லேயர் 4" என்று எழுதி, படிப்பவர் ஓஎஸ்ஐ கணக்கில் புரிந்துகொண்டால் ஃபயர்வால் விதி வேறு இடத்தில் போய் உட்காரும். எனவே நான்கடுக்கு, ஐந்தடுக்கு மாதிரிகளில் அடுக்குகளைப் பெயரால் மட்டும் அழையுங்கள். எண் சொன்னால் அது ஓஎஸ்ஐ எண்ணாகவே இருக்கட்டும். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு எண்ணைப் போல 5, 6 இரண்டும் காலியாகக் கிடக்கும். பரவாயில்லை. அடுத்த வீட்டின் எண்ணை யாரும் மாற்றப் போவதில்லை.

ஏன் காலி? அமர்வு அடுக்கு, நீண்ட உரையாடலில் யார் பேசும் முறை, இடையில் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது என்பவற்றைக் கவனிக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். விளக்கக்காட்சி அடுக்கு, இரு கணினிகளின் தரவு வடிவங்கள் வேறானால் மொழிபெயர்க்க வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் இன்றும் நடக்கின்றன. குக்கீ அமர்வை நினைவில் வைக்கிறது, யுடிஎஃப்-8 எழுத்துகளைக் குறிக்கிறது, ஜேசன் தரவை வடிவமைக்கிறது, ஜிசிப் சுருக்குகிறது. ஆனால் இவற்றைச் செய்வது பயன்பாடு தானே, அல்லது அது இணைத்துக்கொள்ளும் நிரலகம். கம்பியில் பிடித்த பாக்கெட்டை, அதைப் பிரித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள்: ஈதர்நெட், ஐபி, டிசிபி, குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ், அந்தக் குறியாக்கத்தை அவிழ்க்க முடிந்தால் எச்டிடிபி என்று வரிசையாக வரும். அமர்வு ஹெடர் என்று ஒரு வரி தேடினாலும் கிடைக்காது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல்: டிஎல்எஸ் எந்த அடுக்கு என்று கேட்டால் வினாத்தாள்கள் பெரும்பாலும் ஆறு என்ற விடையை எதிர்பார்க்கின்றன. எழுதிவிட்டு வாருங்கள். அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

நான்கடுக்கு: எழுதியவர்களின் மாதிரி

வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் டிசிபி ஒரே நெறிமுறைதான். 1978 வாக்கில் அதை டிசிபி, ஐபி என்று இரண்டாகப் பிளந்தார்கள். குரல் அனுப்புபவருக்குத் தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பத் தேவையில்லை, தாமதம்தான் எதிரி. அவர்கள் ஐபியை மட்டும் எடுத்துக்கொள்ள வழி வேண்டியிருந்தது. அந்தப் பிளவிலிருந்து வந்ததுதான் யுடிபி. அதன் ஹெடர் வெறும் 8 பைட். 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் பழைய நெறிமுறையை விட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. ஆக இங்கே நெறிமுறை முதலில், மாதிரி பிறகு. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதைத் தெளிவாக எழுதிவைத்தது: இணைப்பு, இணையம், போக்குவரத்து, பயன்பாடு.

நிரல் எழுதுபவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நிரல் வலையமைப்பைத் தொடும் இடமான சாக்கெட்டுக்கு மேலே உள்ளது எல்லாம் பயன்பாடு, கீழே உள்ளது இயங்குதளத்தின் பொறுப்பு. குறியாக்கம், சுருக்கம், மறுமுயற்சி, நேரக்கெடு எல்லாம் உங்கள் தலையில். கீழே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்புக்கே இந்த மாதிரியில் இடம் இல்லை.

குறை கீழ்முனையில். ஐபிக்குக் கீழே உள்ள அனைத்தும் "இணைப்பு" என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுகிறது. வடிவமைத்தவர்களுக்கு அது வசதி. எந்த ஊடகத்தின் மேலும் ஐபி ஓட வேண்டும் என்பதே நோக்கம். கையில் கேபிளை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது போதாது. டூப்ளெக்ஸ் பொருந்தாமையைப் பாருங்கள் (முழு டூப்ளெக்ஸில் இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், அரை டூப்ளெக்ஸில் மாறி மாறித்தான்). சுவிட்சில் 100 மெகாபிட் முழு டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டியிருக்கிறார்கள். கணினி, எதிர்முனையோடு பேசி இவற்றைத் தானே முடிவுசெய்யும் தானியங்கிப் பேச்சில் இருக்கிறது. எதிர்முனை பேசவில்லை என்றால் கணினி வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போகும். பெரிய கோப்பு நகர்த்தினால் மட்டும் நத்தை வேகம். கணினிப் பக்கம் தாமத மோதல்கள் ஏறும், சுவிட்ச் பக்கம் சரிபார்ப்புப் பிழைகள் ஏறும். காரணம் இயற்பியல் அடுக்கில், அறிகுறி தரவு இணைப்பு அடுக்கின் எண்ணிகளில். இரண்டும் ஒரே பெட்டி என்றால் எங்கே பார்ப்பது என்பதே தோன்றாது.

இன்னொன்று: 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டில் ஒன்று அறுந்தால் சில வலையமைப்பு அட்டைகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், சில ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "நெட் மெதுவாக இருக்கிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒப்புக்கொண்ட வேகம் எவ்வளவு என்பதை.

ஐந்தடுக்கு: பழுது பார்க்கும் ஏணி

நான்கடுக்கின் அடிப்பெட்டியை ஓஎஸ்ஐ போல இரண்டாக வெட்டினால் ஐந்து: இயற்பியல், தரவு இணைப்பு, வலையமைப்பு, போக்குவரத்து, பயன்பாடு. எந்தத் தர அமைப்பும் இதைச் சட்டமாக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் கையில் ஒரு தனிச் சோதனை இருக்கிறது என்பதால் வேலைக்கு இதுவே சரி.

அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடுவில் தொடங்குவது வேகம். முதலில் கேட்வேயைப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் கீழிரண்டு அடுக்குகளும் அடிப்படையில் வேலை செய்கின்றன. பதில் இல்லை என்றால், ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கண்டுபிடித்து வைக்கும் ஆர்ப் அட்டவணையைப் பாருங்கள்: கேட்வேயின் மேக் முகவரி அங்கே இருந்தால் தரவு இணைப்பு சரி, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையைக் கேட்வே தடுத்திருக்கக்கூடும். முழுமையற்ற பதிவாக நின்றால் தவறான விலேன் (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு), கேபிள், சுவிட்ச் போர்ட் என்று இறங்க வேண்டியதுதான். கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி வழங்கும் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று பொருள். வேறெதையும் சோதிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். (போர்ட் என்ற சொல்லே ஒரு தலைவலி. சுவிட்சில் அது துளை, டிசிபியில் அது எண். "போர்ட் மூடியிருக்கிறது" என்று வந்தால் எந்தப் போர்ட் என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.)

கேட்வே பதில் சொன்னால் வெளியே ஒரு ஐபி முகவரிக்குப் பிங். அது போய், பெயர் கொடுத்தால் மட்டும் போகவில்லை என்றால் டிஎன்எஸ். அடுத்து டிசிபி போர்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இங்கே வரும் இரண்டு பிழைகளும் ஒன்று அல்ல. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றால் பெரும்பாலும் எதிர்க் கணினிவரை பாக்கெட் போயிருக்கிறது, அந்த எண்ணில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அது ஆர்எஸ்டி என்ற பதிலை அனுப்பியிருக்கிறது. "நேரம் கடந்தது" என்றால் பாக்கெட் வழியில் விழுங்கப்பட்டது: ஃபயர்வால், தவறான வழி, அல்லது திரும்பும் வழியே இல்லை. முதலாவதற்குச் சர்வர் ஆளைக் கூப்பிடுங்கள், இரண்டாவதற்கு வலையமைப்பு ஆளை.

மூன்றும் தடுமாறும் இடம்

ஆர்ப் நேரடியாக ஈதர்நெட் மேல் ஓடுகிறது, ஆனால் ஐபி முகவரியைப் பற்றிப் பேசுகிறது. சீட்டைப் பார்த்துப் பாக்கெட்டைத் திருப்பும் எம்பிஎல்எஸ் அந்த 4 பைட் சீட்டை இரண்டாம், மூன்றாம் அடுக்குகளுக்கு நடுவில் செருகுகிறது. தொழிலில் அதை இரண்டரை என்றே சொல்கிறார்கள். பிஜிபி வழிகாட்டும் வேலை செய்கிறது, ஆனால் டிசிபி 179ஆம் போர்ட்டில் ஒரு பயன்பாடு போல உட்கார்ந்திருக்கிறது. விஎக்ஸ்லேன் முழு ஈதர்நெட் பிரேமையே யுடிபிக்குள் திணிக்கிறது: இரண்டாம் அடுக்கு நான்காம் அடுக்கின் மேல். இதற்குச் செலவு 50 பைட். ஏன், டிசிபியே தன் சரிபார்ப்புத் தொகையில் ஐபி முகவரிகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கீழ் அடுக்கை எட்டிப் பார்க்கக்கூடாது என்ற விதியை அது பிறந்தபோதே மீறிவிட்டது. விதிவிலக்காக வழியிலேயே ஐபி முகவரியை மாற்றி எழுதும் நாட், அப்போது டிசிபி ஹெடரையும் திருத்த வேண்டியிருப்பது அதனால்.

இவை படத்தில் இடம் தேடும் சிக்கல்கள். உண்மையில் நேரத்தை விழுங்குவது எம்டியு. ஒரு சுரங்கம் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) வழியாகப் போகும் இணைப்பை எடுத்துக்கொள்வோம். அப்படிச் சுரங்கம் அமைக்கும் வயர்கார்டின் இயல்பான எம்டியு 1420. சர்வர் 1500 பைட் பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறியோடு அனுப்புகிறது. சுரங்க வாயிலில் உள்ள ரூட்டர் அதை எறிந்துவிட்டு, "பெரியதாக இருக்கிறது, 1420க்குள் அனுப்பு" என்று ஐசிஎம்பி வகை 3, குறி 4 செய்தியைத் திருப்பி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து யாரோ எல்லா ஐசிஎம்பியையும் தடுத்திருந்தால் அந்தச் செய்தி சர்வருக்குச் சேராது. சர்வர் அதே 1500ஐ மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். பிங் போகிறது, ஏனென்றால் அது சிறியது. டிசிபி கைகுலுக்கலும் சிறியது, முடிந்துவிடுகிறது. சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் முதல் பெரிய பாக்கெட் வருகிறது, அங்கே நின்றுவிடுகிறது. ஏழடுக்கை மனப்பாடம் செய்தவர் ஆறாம் அடுக்கைக் குற்றம் சாட்டிச் சான்றிதழை மாற்றுவார். நான்கடுக்குக்காரர் பயன்பாட்டுப் பதிவுகளைப் புரட்டுவார். ஐந்தடுக்கு ஏணியும் "பிங் போகிறது, வலையமைப்பு அடுக்கு சரி" என்று தவறாகவே தேர்ச்சி கொடுத்திருக்கும்.

சோதனை எளிது. துண்டாக்காதே குறியுடன் 1472 பைட் பிங் அனுப்புங்கள்: 1472உடன் ஐசிஎம்பி 8, ஐபி 20 சேர்ந்து 1500. போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1392 போய் 1393 நின்றால் வழியின் எம்டியு 1420. 1464 போய் 1465 நின்றால் 1492, பிராட்பேண்ட் இணைப்புகளில் வரும் பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்றிருக்கிறது. சரியான தீர்வு அந்த ஐசிஎம்பி செய்தியை அனுமதிப்பது. அது நம் கையில் இல்லாதபோது ரூட்டரில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு செக்மென்ட் சுமக்கும் தரவின் உச்ச அளவை) குறைத்துக் கட்டுவது: எம்டியுவிலிருந்து 40 கழித்து, 1420க்கு 1380. ஆனால் இது டிசிபிக்கு மட்டும் உதவும், யுடிபிக்கு அல்ல. ஐபிவி6இல் ரூட்டர்கள் துண்டாக்குவதே இல்லை, எனவே அங்கே ஐசிஎம்பியைத் தடுப்பது இன்னும் கடுமையாகத் திருப்பி அடிக்கும்.

வாங்கும்போதும் வடிவமைக்கும்போதும்

லோட் பேலன்சர் தேர்வில் அடுக்கு எண் நேரடியாகச் செலவைத் தீர்மானிக்கிறது. லேயர் 4 என்றால் முகவரியையும் போர்ட்டையும் மட்டும் பார்த்துத் திருப்பிவிடும். டிஎல்எஸ் உடைக்கப்படாமல் பின்னால் உள்ள சர்வர்வரை போகும். சுமை குறைவு, எந்த நெறிமுறையானாலும் ஏற்கும். ஆனால் வலைமுகவரியின் பாதையைப் பார்த்துப் பிரிக்க அதனால் முடியாது. லேயர் 7 அதைச் செய்யும். அதற்கு டிஎல்எஸ்ஸைத் தானே முடித்துவைக்க வேண்டும். சான்றிதழும் தனித்திறவுகோலும் அதனிடம் இருக்க வேண்டும். ஒரு டிசிபி இணைப்பு இரண்டாகும்; சர்வரின் பதிவில் பயனர் முகவரிக்குப் பதில் லோட் பேலன்சரின் முகவரி விழும். பயனரின் உண்மையான முகவரியைச் சுமந்து வரும் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடரைப் படிக்க மறந்தால் முகவரி அடிப்படையிலான தடைகள் எல்லோரையும் ஒரே ஆளாக நினைத்துப் பூட்டிவிடும். பாதை பார்க்கத் தேவையில்லை என்றால் லேயர் 4 போதும்.

ஃபயர்வால் விதி எழுதுபவர்கள் குயிக் என்ற நெறிமுறையை மறக்கக்கூடாது. 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த இது போக்குவரத்து, குறியாக்கம் இரண்டையும் ஒன்றாகப் பின்னி யுடிபி மேல் ஓடுகிறது. எச்டிடிபி/3க்கு அடித்தளம் இதுதான். "வலைத்தளம் என்றால் டிசிபி 443" என்ற விதியின் வழியே அது தெரியாது. யுடிபி 443ஐத் தடுத்தால் உலாவிகள் டிசிபிக்குத் திரும்பிவிடும். தளம் திறக்கும், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

கடைசியாக, பழுதுச் சீட்டு. "லேயர் 3 பிரச்சினை" என்று எழுதினால் படிப்பவர் முதலிலிருந்து தொடங்குவார். எந்த நெறிமுறை, எந்த அளவு, எந்த இடம் என்று எழுதுங்கள்: "கேட்வேயின் ஆர்ப் பதிவு இருக்கிறது; சுரங்கத்துக்கு அப்பால் உள்ள சர்வருக்கு 1392 பைட் பிங் போகிறது, 1393 போகவில்லை; டிசிபி 443 இணைகிறது, சான்றிதழ் வரும்போது நிற்கிறது." இதில் அடுக்கு எண் ஒன்றுகூட இல்லை. படிப்பவர் எந்த மாதிரியில் வளர்ந்தவரானாலும் நேராக எம்எஸ்எஸ் அமைப்பைத் திறப்பார்.